ஈயச் சட்டியும் ஏழு கடலும்

விழா மலர்க் குழுவினர் எம்மை நாடி, "பழைய மாணவர் என்னும் உரிமையால் ஒரு கட்டுரை தருக" எனப் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே தருவோம் என்று முதலில் எண்ணினோம். தமிழாசிரியரிடம் வேறெதனை எதிர்பார்ப்பர்? ஆயினும், பல்லாண்டுகளாக எம் நெஞ்சிற் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு செய்தியை, எம்மை ஆளாக்கிய கல்லூரியின் மலரிலே சொல்லாது வேறெங்குச் சொல்வது? ஆதலின், இலக்கணத்தையும் இலக்கியத்தையும் இம்முறை அறிஞர் கைக்கு விடுத்து, யாம் கடலைப்பற்றியும், கடலோடும் கலத்தைப்பற்றியும், அலுமினியம் என்னும் எளிய உலோகத்தைப்பற்றியும் எழுதப் புகுந்தோம்.

பதுளையிலிருந்து எவ்வழிச் சென்றாலும் கடலைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டும். 1924ஆம் ஆண்டில் மலைகளைக் குடைந்து, தெமோதரையிலே ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த இருப்புப் பாதை, பதுளையோடு முடிந்துபோயிற்று. அதற்கு அப்பால் நமுனுகுல மலையும் தேயிலையுமே. அத்தகைய ஊரிலிருந்து கப்பலைப்பற்றி எழுதுவது, பாலைவனத்து மனிதன் நெல்வயலைப்பற்றி எழுதுவது போலாகும் என்று சிலர் நகைக்கலாம். நகைக்குமுன் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். ஊவா மலைத் தோட்டங்களில் வாழும் எம்மவர் ஒவ்வொருவருடைய முன்னோரும் கடலைக் கடந்தே இங்கு வந்தனர். 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. அதற்கு முந்தியவர்களுட் பலர் பாய்த்தோணிகளில் வந்தார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர், பல்லாயிரவர் மீண்டும் தலைமன்னாரிற் கப்பலேறிப் பிரிந்து சென்றனர். வந்ததும் கடல் வழி. பிரிந்ததும் கடல் வழி. மலைநாட்டுத் தமிழன் கடலைக் காணாதவன் அல்லன். அதனைக் கண்ணீரோடு கண்டவன்.

எம் தந்தையார் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்தார். எம்மை நம் கல்லூரி விடுதியிற் சேர்த்தபோது, ஒரு தகரப் பெட்டியும் ஓர் அலுமினியத் தட்டும் வாங்கித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலே விடுதி மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வர். அங்கேதான் யாம் முதன்முதலாகப் பாய் விரித்த கலமொன்றைக் கண்டோம். கலம், தோணி, நாவாய், வங்கம், அம்பி, ஓடம், தெப்பம் என ஒன்றுக்குப் பல பெயரிட்ட மொழி நம் மொழி என்று எம் தமிழாசிரியர் மணலிலே அமர்ந்து சொல்லித் தந்ததும், கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலேயர் கடன்வாங்கிக்கொண்டதை அறிந்து யாம் பெருமிதம் கொண்டதும் இன்றும் நினைவிலுள்ளன. அவ்வாசிரியர் இன்று உயிரோடில்லை. அவரைப்பற்றி இறுதியில் ஒரு சொல் கூறுவோம்.

கல்லூரியை விட்டு நீங்கிச் சில ஆண்டுகளில் ஆசிரிய நியமனம் பெற்று, பின்னர் கொட்டகலை ஆசிரிய கலாசாலையிற் பயின்று சான்றிதழ் பெற்று, பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கலானோம். 2009ஆம் ஆண்டில் ஒன்பதாந் தர மாணவருக்கு, 'யான் ஒரு மாலுமியானால்' என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதுமாறு பணித்தோம். முப்பதுக்கு மேற்பட்ட கொப்பிகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கப்பல், ஒரே புயல், ஒரே தீவு, ஒரே புதையல். யாமே முன்னர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவற்றை அவர்கள் திருப்பித் தந்தார்கள். யாமும் சரிக்குறி இட்டுக்கொண்டே போனோம்.

ஒரு கொப்பி மட்டும் வேறாக இருந்தது. கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகன் எழுதியது அது. "என் கப்பலை எங்கள் அம்மாவின் சோற்றுச் சட்டியைப் போல ஈயத்தாற் கட்டுவேன். அது துருப்பிடிக்காது. விழுந்தால் நெளியும், உடையாது. நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். தூக்கவும் இலேசாக இருக்கும்" என்று எழுதியிருந்தான். யாம் அவ்வரிகளின்கீழ்ச் சிவப்பு மையால் இரு கோடிட்டு, "ஈயம் நீரில் அமிழும். பொருந்தாக் கற்பனை" என எழுதினோம். அதனோடு நின்றிருந்தாலும் குற்றம் சிறிதாயிருக்கும். கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அப்பகுதியை வகுப்பிலே உரக்க வாசித்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. யாமும் சிரித்தோம். அன்று முதல் அவனுக்கு 'ஈயச்சட்டி' என்னும் பெயர் நிலைத்தது. அவன் தலைகுனிந்து அமர்ந்ததைக் கண்டோம். கண்டும் அடுத்த பாடத்துக்குச் சென்றோம்.

சாதாரணதரப் பரீட்சையோடு அவன் பாடசாலையை விட்டு நீங்கினான். தொழிற்பயிற்சி பெற்று வெல்டிங் வேலை பழகினான் என்றும், பின்பு வளைகுடா நாடொன்றுக்குச் சென்றான் என்றும் கேள்வியுற்றோம். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அவ்வாறு சென்றுவிடுகிறார்கள். ஆசிரியர் நினைவில் அவர்கள் நெடுநாள் தங்குவதில்லை. அவனையும் மறந்தோம்.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கலை அடுத்து, ஒரு மாலை எம் வீட்டு வாசலிலே ஓர் இளைஞன் வந்து நின்றான். கையிலே திருமண அழைப்பிதழும், பழத்தட்டும். அவனே. "சேர், கட்டாயம் வரணும்" என்று பணிந்து கொடுத்தான். அமரச் செய்து தேநீர் கொடுத்து, "தம்பி, அங்கே என்ன வேலை பார்க்கிறாய்?" என்று வினவினோம். படகு கட்டும் பட்டறையொன்றில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். "இரும்பா, மரமா?" என்றோம். அவன் சற்றுத் தயங்கி, "அலுமினியம், சேர்" என்றான்.

அத்தயக்கத்தின் பொருள் எமக்கு உடனே விளங்கவில்லை. அவன் தன் தொழிலைப்பற்றிச் சொல்லத் தொடங்கினான். காவற் படகுகளும், நெடுந்தூரம் செல்லும் பாய்க்கலங்களும் அங்கே கட்டவும் பழுதுபார்க்கவும் படுகின்றனவாம். ஒரு முறை, கணவனும் மனைவியுமாக இருவர் உலகைச் சுற்றிவந்த அலுமினியப் பாய்க்கலமொன்று பட்டறைக்கு வந்ததாம். இரவிலே முருகைக்கற்பாறையில் ஏறி, அலையால் மணிக்கணக்காக மோதுண்ட கலம். அடிப்பாகத்தில் ஒரு பெரிய சட்டி கவிழ்த்தாற்போல் உட்குழிந்திருந்ததேயன்றி, ஒரு துளையும் இல்லை. ஒரு சொட்டு நீரும் உட்புகவில்லை. நெளிந்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டியவன் அவனே. "மரமோ ஃபைபரோ என்டா அந்த இடத்திலயே முடிஞ்சிருக்கும் சேர். இது நெளிஞ்சிச்சு, உடையல்ல" என்றான்.

'நெளியும், உடையாது.' அச்சொற்களைக் கேட்டவுடனே, பதினைந்தாண்டுக்கு முந்திய கொப்பியும், சிவப்பு மையும், வகுப்பின் சிரிப்பும் எம் கண்முன் வந்தன. கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தோம். "தம்பி, நீ அன்று எழுதிய கட்டுரை நினைவிருக்கிறதா?" என்றோம். அவன் நிலத்தைப் பார்த்துப் புன்னகைத்தான். "நீங்க எழுதினது பிழையில்ல சேர். ஈயம் பாரம். நான் அலுமினியம்னு எழுதியிருக்கணும். லயத்துல எல்லாரும் ஈயம்னுதானே சொல்றது. சொல்லுதான் பிழை" என்றான். பின்னர், குறையாகவன்றி வழக்கமான செய்தியொன்றைச் சொல்வான் போல, "அதுக்குப் பொறகு கட்டுரையில என் மனசுல வந்தத நான் எழுதல்ல சேர். புத்தகத்துல உள்ளதத்தான் எழுதினேன். அதுக்கு நல்ல புள்ளி கெடச்சிச்சு" என்றான்.

அன்பர்காள், அந்தப் புள்ளிகளை இட்டவரும் யாமே.

அவன் சென்றபின் நெடுநேரம் வாசலிலே அமர்ந்திருந்தோம். சொற்பிழை திருத்துவது எம் தொழில். ஈயம் வேறு, அலுமினியம் வேறு என்பதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர் யாம். அதனைச் செய்யாது, பிழையற்ற கருத்தைப் பிழையென்று அடித்தோம். கருத்தளவிலும் எம் கூற்று அறியாமையே. பீலிக்கரையிலே கழுவ வைத்த சட்டி ஓடையில் மிதந்து செல்வதையும், பிள்ளைகள் கூவிக்கொண்டு அதன்பின் ஓடுவதையும் யாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! உண்மை ஈயத்தையே அகன்ற கிண்ணமாக அடித்தாலும் அது மிதக்கும். தன் எடைக்கு ஈடான நீரை விலக்கும் வடிவம் எதுவும் மிதக்கும். இரும்புக் கப்பல் மிதக்கும் உலகிலே, ஈயம் அமிழும் என்று எழுதிய ஆசிரியரை என்னென்பது?

அதன்பின் கைக்கெட்டிய நூல்களையெல்லாம் தேடிப் படிக்கலானோம். படித்தவற்றுட் சிலவற்றை இங்குத் தொகுத்துத் தருதல், எம் குற்றத்துக்குச் சிறு கழுவாயாகலாம்.

அலுமினியம் மண்ணிலே மலிந்து கிடப்பினும், மண்ணோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும் இயல்பினது. 1825ஆம் ஆண்டளவிலே டென்மார்க்கு அறிஞர் எர்ஸ்டெட் அதனை முதலிற் பிரித்தெடுத்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அது அரும்பொருளாயிருந்தது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோல் என்பாரும் பிரான்சில் எரூ என்பாரும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்னோட்டத்தால் அதனைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டனர். அதன்பின் விலை வீழ்ந்தது. அரசர் மேசையிலிருந்த பொருள் ஏழையின் அடுப்புக்கு வந்தது. வந்தவுடன் மதிப்பும் போயிற்று. எங்கள் தோட்டங்களிலும் பித்தளைக் குடம் சீதனமாகும்; அலுமினியச் சட்டியை யாரும் சீதனமென்று எண்ணுவதில்லை.

பெயர் மயக்கத்துக்கும் தேயிலையே சான்று கூறும். முற்காலத்திலே தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தை உண்மையான ஈயத் தாளால் மூடினார்கள். பின்னாளில் அதற்குப் பதிலாக அலுமினியத் தாள் வந்தது. பொருள் மாறிற்று, எங்கள் ஸ்டோர்களில் 'ஈயத்தாள்' என்னும் பெயர் மாறவில்லை. இன்று அப்பெட்டிகளும் மறைந்து, தேயிலை காகிதப் பைகளிற் செல்கின்றது. சிறுவன் செய்த சொற்பிழை அவன் செய்ததன்று. தோட்டம் முழுவதும் செய்தது.

இனி, எம்மை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்றுண்டு. அப்புத்தளைக்கு மேலே, தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியிலே 'லிப்டன் ஆசனம்' என்னும் இடத்தை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய சேர் தோமஸ் லிப்டன், அங்கிருந்து தம் மலைகளைப் பார்ப்பாராம். கிளாஸ்கோ நகரத்து எளிய மளிகைக் கடைக்காரரின் மைந்தர் அவர். அவரே, அமெரிக்கக் கிண்ணம் எனப்படும் புகழ்பெற்ற பாய்க்கலப் போட்டிக்கு 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து முறை, 'ஷாம்ரொக்' என்னும் பெயருடைய ஐந்து கலங்களை அனுப்பியவர். ஐந்திலும் தோற்றார். வணிகர் என்பதால், அவர் நாட்டின் முதன்மையான பாய்க்கலச் சங்கம் அவரை நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் இறப்பதற்குச் சற்று முன்னரே கதவு திறந்தது. மண்ணெண்ணெய் விளக்கொளியிலே கொழுந்து நிறுத்த எங்கள் கொள்ளுப்பாட்டிமாரின் உழைப்பிலும் ஒரு பங்கு அக்கலங்களின் பாய்களில் விரிந்திருந்தது என்பதை யாம் அதுவரை அறிந்திலோம்.

1899ஆம் ஆண்டின் முதல் ஷாம்ரொக், நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலத் தகடும், அதற்கு மேலே அலுமினியத் தகடும் கொண்டு கட்டப்பட்டது. அதற்கு நான்காண்டு முன்னர், 1895ஆம் ஆண்டில், அமெரிக்கரான ஹெரெஷொவ் என்பார் கட்டிய 'டிபெண்டர்' என்னும் கலமும் அவ்வாறே அடியில் வெண்கலமும் மேலே அலுமினியமும் கொண்டது. எடை குறைந்தமையால் அது விரைந்தது, கிண்ணத்தையும் காத்தது. ஆனால் உப்பு நீரிலே வெண்கலமும் அலுமினியமும் அருகருகே இருப்பின், இரண்டும் ஒரு மின்கலம் போலாகி அலுமினியம் அரிந்துபோகும். டிபெண்டர் சிதைந்து, 1901ஆம் ஆண்டில் உடைத்தெடுக்கப்பட்டது. 'அலுமினியம் கடலுக்கு ஆகாது' என்று அந்நாளிற் பலர் தீர்ப்புக் கூறினர். குற்றம் உலோகத்திலன்று, அதனோடு சேர்த்துவைத்த கூட்டிலேயே இருந்தது. ஒரு சிவப்புக் கோட்டை இழுக்க எவ்வளவு விரைகின்றோம்!

பின்வந்தோர் அப்பிழையிலிருந்து கற்றனர். அலுமினியத்தோடு நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு மகனீசியமும், சிறிது மங்கனீசும் கலந்த கலப்புலோகங்கள் உருவாயின. 5083 என்னும் எண்ணால் வழங்கும் வகை கப்பற் பட்டறைகளில் நன்கு அறியப்பட்டது. ஆகன் வாயுவின் காவலிலே தகடுகளை ஒட்டும் முறையும் வந்தது. அதன் பயனாக, நெடுங்கடற் பயணத்துக்கு உரிய சிறந்த கலங்களுள் அலுமினியக் கலமும் ஒன்றாயிற்று. அதன் நலங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, எடைக் குறைவு. ஒரு கன சென்ரிமீற்றர் உருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம். உருக்கினும் ஒன்றரை மடங்கு தடித்த தகட்டை இட்டாலும், எடை ஏறக்குறையப் பாதியே ஆகும். மிச்சமாகும் எடைக்கு ஈடாக நீரும் உணவும் எரிபொருளும் ஏற்றலாம். மாதக்கணக்காகத் துறைமுகம் காணாது செல்வோருக்கு இதனினும் பெரிய நலம் யாது?

இரண்டாவது, நெளியுந் தன்மை. மிதந்து வரும் மரமோ, கப்பலிலிருந்து வீழ்ந்த கொள்கலனோ, பனிக்கட்டியோ மோதினால், கண்ணாடி நாராலான உடல் பிளந்துவிடலாம். அலுமினியம் குழிந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். கடுங்குளிரிலே சாதாரண உருக்கு நொறுங்குந் தன்மை அடைவதுண்டு, அலுமினியத்துக்கு அக்குறையில்லை. ஆதலின் துருவக் கடல் செல்வோர் பலர் அதனையே தேடுகின்றனர்.

மூன்றாவது, தன்னைத் தானே காத்தல். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று படர்கின்றது. கீறினாலும் மறுபடி படர்கின்றது. நீர்மட்டத்துக்கு மேலே வர்ணம் பூசாமலே, சாம்பல் நிறத்தோடு உலகைச் சுற்றும் கலங்கள் உண்டு. அழகு குறைவெனினும், துருவைச் சுரண்டி மாளாத உழைப்பு மிச்சம்.

நான்காவது, உடலும் மேற்றளமும் ஒன்றாக ஒட்டப்படுவதால், இடுக்கில் நீர் கசிவதில்லை. ஐந்தாவது, அது காந்தத்தால் ஈர்க்கப்படாதது; இரும்புக் கப்பலிற் போலத் திசைகாட்டி மயங்குவதில்லை. ஆறாவது, அடியிலுள்ள ஏராவை மேலே தூக்கக்கூடியவாறு அமைக்கும் அலுமினியக் கலங்கள், ஆழங்குறைந்த கழிமுகங்களிலும் புகுந்து, வற்று நீரிலே மணலில் அமர்ந்து ஓய்வு கொள்ளும்.

குறைகளை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அலுமினியக் கலம் விலை கூடியது. வெப்பத்தையும் குளிரையும் ஒலியையும் எளிதிற் கடத்துவதால், உட்புறம் தடித்த காப்புப் போர்வை இடாவிடின், கோடையில் அடுப்பாகவும் குளிரில் ஈரம் சொட்டுங் குகையாகவும் ஆகிவிடும். ஏறக்குறைய 660 பாகை வெப்பத்திலே உருகுவதால், தீக்கு அஞ்ச வேண்டும். செம்பு கலந்த அடிவர்ணத்தை அதன்மேற் பூசலாகாது. மின்கம்பி ஒன்று தவறாகத் தொட்டிருந்தாலும், அடித்தளத்து ஈரத்திலே ஒரு செப்பு நாணயம் விழுந்து கிடந்தாலும், அவ்விடம் நாளடைவில் அரிக்கப்படும். அதற்கெனவே நாகத் துண்டுகளை அடியிற் பொருத்துவர். அந்நாகம் தான் கரைந்து கலத்தைக் காக்கும். இத்தகைய கலத்தைத் திருத்த, எம் மாணவனைப் போன்ற தேர்ந்த கை வேண்டும். இரும்பை ஒட்டுவோர் எல்லாத் துறைமுகத்திலும் கிடைப்பர், அலுமினியத்தை ஒட்டுவோர் கிடையார்.

இவற்றைக் கலமொன்றின் வரலாற்றாலே காட்டுதும். பிரெஞ்சு மருத்துவரும் துருவப் பயணியுமாகிய சான் லூயி எத்தியன் என்பவருக்காக, 1989ஆம் ஆண்டில் 36 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் உள்ள அலுமினியப் பாய்க்கலம் ஒன்று கட்டப்பட்டது. அதற்கு அந்தாட்டிக்கா என்று பெயரிட்டனர். பின்னர் நியூசீலாந்து மாலுமி சேர் பீற்றர் பிளேக் கையிலே அது 'சீமாஸ்ரர்' ஆயிற்று. 2001ஆம் ஆண்டில் அமேசன் ஆற்றுமுகத்திலே கொள்ளையரால் அவர் கொல்லப்பட்டார். 2003ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் 'தாரா'. அதன் அடி உருண்டது. இருபுறமும் பனி நெருக்கினால், இரு விரலிடை அழுத்திய புளியங்கொட்டை துள்ளுவது போல, நசுங்காது மேலெழும். நோர்வே நாட்டு நான்சன் 1893ஆம் ஆண்டில் 'பிராம்' என்னும் மரக்கலத்தைப் பனியிலே சிக்கவைத்து மிதந்து சென்ற அதே சூழ்ச்சி. 2006ஆம் ஆண்டு செப்டெம்பரில் தாரா வடதுருவப் பனியிலே தானாகச் சிறைப்பட்டு, 507 நாள் பனியோடு நகர்ந்து, 2008ஆம் ஆண்டு சனவரியிலே உயிரோடு வெளிவந்தது. ஆய்வாளர் அதனுள்ளே இருந்து கடலையும் காற்றையும் பனியையும் அளந்தனர். அம்மாவின் சோற்றுச் சட்டியின் உறவுமுறை உலோகம் அன்றோ அது!

பிரான்சு நாட்டு எரிக் தபார்லி, 'பென் டுயிக் 6' என்னும் 1973ஆம் ஆண்டின் அலுமினியக் கலத்திலே, பலர் இயக்க வேண்டிய பெருங்கலத்தைத் தனியொருவராய்ச் செலுத்தி, 1976ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கைக் கடக்கும் போட்டியில் முதலாக வந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

எனினும், மரத்தை இகழ்ந்தோம் என யாரும் எண்ணற்க. வல்வெட்டித்துறையிலே நம்மவர் கைவினையால் உருவான 'அன்னபூரணி' என்னும் மரக்கலம், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, பெயர் மாற்றப்பெற்று, நம் மாலுமிகளாலே செலுத்தப்பட்டு, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றைத் தமிழர் மறத்தலாகாது. பொருள் எதுவாயினும், அதன் இயல்பை அறிந்து அதற்கேற்பக் கட்டுபவனே கலத்தை வெல்லவைக்கின்றான். மாணவரும் அவ்வாறே.

திருமணத்துக்குச் சென்றோம். அங்கே அவன் தாய் எம்மைக் கண்டு கைகூப்பி, "புள்ளய படிக்க வச்ச சேர்" என்று உறவினருக்கு அறிமுகம் செய்தாள். அச்சொல் எம்மைச் சுட்டது. மறுத்துச் சொல்ல நா எழவில்லை. விருந்து முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, நீ வெளிநாடு திரும்புமுன் ஒரு நாள் பாடசாலைக்கு வர வேண்டும்" என்றோம். வந்தான். ஒன்பதாந் தர மாணவர் முன் அவனை நிறுத்தி, பழைய கதையை மறைக்காமல் யாமே சொன்னோம். எம் பிழை எது, அவன் பிழை எது என இரண்டையும் கரும்பலகையில் எழுதினோம். ஆசிரியர் பிழை செய்தார் எனக் கேட்டுப் பிள்ளைகள் முதலில் அஞ்சினர். பின்னர் நிமிர்ந்து அமர்ந்தனர். அவன் ஒரு வாளி நீரும் ஒரு பழைய சட்டியும் வாங்கி, மிதக்கவைத்து, கூழாங்கற்களை ஒவ்வொன்றாக இட்டு எவ்வளவு சுமக்கும் என்று காட்டினான். பதினெட்டுக் கல் வரை சுமந்தது. அந்த மணித்தியாலத்திலே நடந்ததுபோல் ஒரு பாடம் எம் ஆசிரிய வாழ்விலே நடந்ததில்லை.

அடுத்த வாரம் கட்டுரைக் கொப்பிகள் வந்தன. ஒரு சிறுமி, தேயிலைக் காம்பாலே வீடு கட்டுவேன் என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தோம், மூடி வைத்தோம்.

இனி, முதலிற் கூறிய எம் ஆசிரியரைப்பற்றி. நம் கல்லூரியிலே யாம் பத்தாம் வகுப்பிற் படித்தபோது, நமுனுகுல மலையைப்பற்றி எழுதிய கட்டுரையொன்றில், 'மலை எம்மைப் பார்த்துக்கொண்டு மென்று விழுங்கியது' என எழுதிவிட்டோம். மூடுபனியை மலை விழுங்கியது என்று சொல்ல எண்ணிச் சொல் தவறிய இடம் அது. விடுதித் தோழர் படித்து நகைத்தனர். ஆசிரியர் கொப்பியைத் திருப்பித் தந்தபோது, ஓரத்திலே கறுப்பு மையால் சிறிய எழுத்திலே இரண்டே தொடர் இருந்தன: 'சொல் பிழை. கருத்து நன்று.' அவர் வகுப்பில் அதனை வாசிக்கவில்லை. தனியே அழைத்து, "மலை எதனை விழுங்கிற்று என்று நினைத்தாய்?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியே எம்மைத் தமிழாசிரியர் ஆக்கிற்று. அக்கேள்வியை யாம் வேறொரு பிள்ளையிடம் கேட்கத் தவறியதே, இக்கட்டுரையை எழுதச் செய்தது.

கல்லூரியில் இன்று பயிலும் இளையோரே, உங்கள் மனத்தில் தோன்றுவதை எழுதுங்கள். சொல்லைத் திருத்த ஆசிரியர் இருக்கின்றனர். எம் உடன்பணியாளராகிய ஆசிரியப் பெருமக்களே, சிவப்பு மை கையிலிருக்கும்போது, சொல்லையா கருத்தையா அடிக்கின்றோம் என ஒரு கணம் நின்று நோக்குங்கள். யாம் பெற்ற அறிவுரையை விட்டுவிட்டு, பதினைந்தாண்டு கழித்து மாணவனிடமே அதனை மீளப் பெற்றோம். அதனை இவ்விழா நாளிலே கல்லூரித் தாயின் திருவடியிற் காணிக்கையாக வைக்கின்றோம்.

வாழ்க எம் கல்லூரி! வளர்க அதன் மக்கள்!